செஞ்சியின் வேர்வை டாக்டர்

ராஜகிரிக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ படைகள் வந்திருக்கின்றன. அதில் ஏறி இறங்குகிறவர்களின் வேர்வையைப் பிடிக்க வந்த ஒரே ஆள், எங்கள் தெரு வேர்வை டாக்டர்தான்.

டாக்டர் என்பது நாங்கள் முன்கூட்டியே கொடுத்த பட்டம். அவள் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. லீவுக்கு வந்தால் கோட்டை அடிவாரத்தில் நின்றுகொள்வாள். மூச்சிரைக்க இறங்கி வருகிறவரிடம், "அண்ணா, கொஞ்சம் வேர்வ குடுண்ணா" என்பாள். பாதிப் பேர் ஓடுவார்கள். ஓடினால் இன்னும் நல்லது என்று பின்னாலேயே போவாள்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் விடவில்லை. பாவம், பயத்தில் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்வை அரும்பியிருந்தது. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். "உப்பு நல்லா இருக்குதும்மா!" என்று குரல் மட்டும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அதோடு சரி.

அவள் செய்தது வேர்வையின் உப்பை அளக்கும் ஆர்கானிக் டிரான்சிஸ்டர். கரண்ட் ஓடும் பிளாஸ்டிக் படலம் பூசிய சின்னப் பட்டை. எனக்கு விளங்கவில்லை என்றதும் மேல்மலையனூர் கோயிலின் அமாவாசைக் கூட்டத்தைத் துணைக்கு இழுத்தாள்.

"கரண்டுதான் பஸ்ஸு. உப்புல இருக்குற அயனிங்க ஜனம். ஜனம் ரோட்டுல பூந்துட்டா பஸ்ஸு இன்னா ஆவும்?"

"நின்னுடும்."

"அவ்ளோதாண்ணா. கரண்ட் எவ்ளோ கொறயுதுன்னு பாத்தா உப்பு எவ்ளோன்னு தெரிஞ்சுடும்."

அதில் ஒரு தொல்லை. அயனிகளை உள்ளே தள்ளும் மின்னழுத்தத்தை நிறுத்தினாலும் கரண்ட் உடனே பழைய அளவுக்குத் திரும்பவில்லை. பட்டை கெட்டுவிட்டது என்றார்கள் கூட இருந்தவர்கள். "கெடல. எலக்ட்ரான் வேகம், அயனி மெதுவாத்தான் வெளிய வரும்" என்று சாதித்து, அதையே ஆய்வேடாக எழுதினாள். பட்டம் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போனேன். தேர்வாளர் செய்துகாட்டச் சொன்னார். சுவிட்சைப் போட்டாள், திரையில் கரண்ட் கோடு சரிந்தது. நிறுத்தினாள், கோடு சரிந்தபடியே கிடந்தது.

"கெட்டுப்போச்சேம்மா" என்றார் அவர்.

"கூட்டம் கலையட்டும் சார்" என்றாள்.

அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோடு மெல்ல அசைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"நீங்க சொன்னது சரி, டாக்டர்" என்றார் தேர்வாளர்.

பெருமை தாங்காமல் எழுந்து கை தட்டினேன். கண் வேறு கலங்கிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர், "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

தெருவில் அவள் வீடு ஒரு கோடி, என் வீடு மறுகோடி.

"எங்க வீட்டுப் பொண்ணு சார்" என்றேன்.