ஏழாவது வரியின் அழுகை

"யாரோ அழறாங்க. யாருன்னுதான் தெரியல," என்றார் சீனியர், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "பக்கத்து வீட்டுலயா?"

"இல்ல, ஏழாவது வரியில."

வகுப்பில் எல்லோருக்கும் இருபது சொச்சம் வயது, இவருக்கு மட்டும் நாற்பதை எட்டிப்பிடிக்கிற வயது. அதனால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் சீனியர். கப்பல் சரக்கு அலுவலகத்தில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடுகிறது. போன ஆண்டு செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் தவறினால் படிப்பு அத்தோடு சரி.

"இங்கிலீஷ்லயே நாலு வார்த்தை சண்டை போடத் தெரியாத மனுஷனுக்குச் சீன பாஷை எதுக்கு?" என்று, இவர் வேலையை விட்ட அன்றே மாமியார் கேட்டார்.

பேராசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது ஒரு பொருளோடு வந்த சீனக் குறிப்புத் தாளை எடுத்து, தலைப்பையும் படத்தையும் கத்தரித்துவிட்டு மீதியைக் கையில் கொடுப்பார். இந்த ஆண்டின் செய்முறைத் தேர்வும் அதுதான்: ஆளுக்கு ஒரு தாள், வீட்டில் வைத்து மொழிபெயர்த்துக் கொண்டுவர வேண்டும். "பேர் தெரிஞ்சா மிச்சத்தை நீங்களே கதை கட்டிடுவீங்க. வார்த்தையை மட்டும் நம்புங்க. சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்காதீங்க," என்பார்.

சீன வாக்கியமோ, யார் எவர் என்று பல நேரம் வாயையே திறக்காது. சீனியருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

"படிங்க, கேட்போம்," என்று மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பலகைகளைச் சேர்க்கணும். ஒண்ணை மட்டும் சாய்வா வைக்கணும், தண்ணி தேங்காது. பழகின பழைய துணியை உள்ள விரிக்கணும். முதல் சில ராத்திரி அழுகை கேட்கும், திட்டக் கூடாது."

மனைவி கையைத் தட்டினாள். "தொட்டில்ங்க அது! பழைய துணி, அழுகை, தண்ணி. வேற என்ன?"

சீனியர் எழுந்து நின்றே விட்டார். அடைத்துக் கிடந்த குழாய் திறந்ததுபோல் ஒவ்வொரு வரியும் பொருள் சொல்லிற்று. அஞ்சாவது வரி மட்டும் முரண்டு பிடித்தது. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும் என்றது அது.

"திறந்திருந்தா பிள்ளை உருண்டு விழாதா?" என்றார்.

பிள்ளை இல்லாத வீடு, இருவருக்கும் தெரியவில்லை. "அம்மாவைக் கேளுங்க. நாலு பேரை வளர்த்தவங்க," என்றாள் அவள்.

மாமியாருக்குப் போன் போட்டு, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் சீனியர்.

"அத்தை, ஒரு சந்தேகம். தொட்டிலுக்கு முன்பக்கம் திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?"

அந்தப் பக்கமிருந்து "மாப்பிள்ளை!" என்று ஒரு குரல் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டறியாத குரல் அது. "மூடித்தான் இருக்கணும். இதோ கிளம்பிட்டேன்!"

மறுநாள் காலையில் இரண்டு பெட்டிகளோடு மாமியார் வந்து இறங்கினார். மகளின் கன்னத்தைத் தடவினார். மருமகனுக்கு முதல் தட்டு வைத்தார். மேசையில் கிடந்த தாளைப் பார்த்ததும் முகம் பூத்துப்போனது.

"தொட்டில்கூட வாங்கியாச்சா! குறிப்புதான் சீனத்துல இருக்கா? பரவாயில்ல, நான் இருக்கேன்ல."

"அத்தை, அது வந்து..."

"நீங்க எவ்வளவு பொறுப்பான ஆளுன்னு இப்பத்தான் தெரியுது, மாப்பிள்ளை. படிப்பு வீண் போகல."

இப்படி ஒரு வார்த்தைக்காகச் சீனியர் எத்தனை நாள் ஏங்கியிருப்பார்! உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தார்.

அன்று முழுக்க மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பைத் திருத்தினார்.

"அடுத்த வரி என்ன?"

"வாசல் பக்கம் வைக்கணும், வர்றவங்க போறவங்களைப் பார்க்கிற மாதிரி."

"காத்து பட்டுச் சளி பிடிக்கவா? அறை மூலைல வைன்னு எழுதுங்க."

"இது மொழிபெயர்ப்பு அத்தை. இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது."

"ஏன், சீனாக்காரங்க பிள்ளைன்னா சளி பிடிக்காதா?"

சீனியர் மூலை என்று எழுதினார். முன்பக்கத்தையும் அழுத்தமாக மூடினார். மாமியார் சொல்லச் சொல்ல ஆங்கிலம் அவருக்குத் தானாக வந்தது. இத்தனை அன்பாக அவர் எதையும் எழுதியதில்லை.

சாயங்காலம் மனைவி அவரை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். "அம்மா குல்லா பின்ன ஆரம்பிச்சுட்டாங்க. இப்ப என்ன பண்றதா உத்தேசம்?"

"மார்க் வரட்டும், சொல்லிடலாம்."

"நல்லா கேட்டுக்குங்க. நீங்க தேறிட்டா அந்தச் சந்தோஷத்தோட சந்தோஷமா அம்மாகிட்ட நான் சொல்றேன். தேறலைன்னா, நீங்களே சொல்லிக்குங்க."

வெள்ளிக்கிழமை பேராசிரியை தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். சீனியரின் தாளை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு குறிப்புத் தாளைப் படிச்சு மனசு இளகுது. அந்த அழுகை வரியைப் பாருங்க, ஒரு தாயே எழுதின மாதிரி இருக்கு."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. சீனியர் மேசைக்கடியில் கைபேசியை எடுத்து, மனைவிக்கு நல்ல சேதி அனுப்பத் தயாரானார்.

"மூலைல வச்சதைக்கூட விட்டுடறேன். முன்பக்கத்தை மட்டும் ஏன் மூடினீங்க?"

"விழுந்துடக் கூடாதேன்னுதான், மேடம்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி, அவரைப் பரிவோடு பார்த்தார்.

"அப்ப நாய் எப்படிங்க உள்ள போகும்?"