இல்லாத மைக்கை நகர்த்துகிறவர்

கிட்டார் வாசிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. வாசிப்பதற்கு முன்னால் ஒலியைக் கொஞ்சம் சரிசெய்துகொள்கிறவர். அந்தக் கொஞ்சத்திலேயே அவருடைய பாதி ஆயுள் போய்விடும்.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். பகலெல்லாம் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா தெரியுதா, முன்னாடி போட்டதுலயா?" என்று வருகிறவர்களைக் கேட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே கேள்வியை மனைவியின் காதுக்குப் போடுவார். காரணம், அவர் வாங்கியிருக்கும் டிஜிட்டல் பெட்டி. அந்தக் காலத்துப் பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை அச்சு அசலாகக் கொடுக்குமாம். அசல் மாதிரியே இருக்கிறதே என்றுதான் வாங்கினார். வாங்கிய அன்றே அசலைத் திருத்த உட்கார்ந்துவிட்டார். அசலில் இருந்த இரைச்சலை எடுத்தார். இரைச்சல் போனதும் உயிரே போன மாதிரி இருக்க, திரும்பச் சேர்த்தார். பெட்டியின் திரையில் படமாக மட்டும் தெரிகிற, நிஜத்தில் இல்லாத ஸ்பீக்கருக்கு முன்னால் இல்லாத மைக்கை அரை அங்குலம் தள்ளி வைத்து, இரண்டு வரி வாசித்து, கண்ணை மூடிக் கேட்டு, முகத்தைச் சுளித்து, கால் அங்குலம் திரும்ப இழுப்பார். யாருக்கய்யா தெரியப்போகிறது? அவருக்குத் தெரியும். தொல்லையே அதுதான்.

போன வாரம் டிரம் வாசிக்கும் நண்பர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு உன் பாட்டை உன் வீட்டுலயே பதிவு பண்ணிடலாம். மறுபடி இழுத்தடிச்சேன்னா, உன் இடத்துல என் மச்சானை வாசிக்கச் சொல்லிடுவேன். கோவிச்சுக்காதேடா."

இருபது வருஷ ஆசையில் நம்மவர் முதன்முதலாக மெட்டுப் போட்ட பாட்டு அது. அதை இன்னொருவர் வாசிப்பதா? ஞாயிறு காலை எட்டு மணிக்கே பெட்டி முன்னால் உட்கார்ந்தார்.

"இது நல்லாயிருக்கா, முன்னாடி இருந்ததா?"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார்.

"நல்லாக் கேளு."

"சரி, இது."

"ஏன் இதுன்னு சொல்றே?"

"நீங்க இதுக்குத்தான் தலையாட்டினீங்க."

மூன்றரை மணிக்கு ஒலி வந்தேவிட்டது. சத்தியமாக அற்புதம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு மணிக்கு நண்பரும் மச்சானும் வந்தார்கள். பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு வரி தேன். மூன்றாவது வரியில் விரல் நின்றுவிட்டது.

மறுபடி தொடங்கினார். மறுபடி அங்கேயே நின்றது. மூன்று மாதமாக ஒலியைச் சோதிக்க அந்த இரண்டு வரியை மட்டும் ஆயிரம் தடவை வாசித்தவர், மூன்றாவது வரிக்குப் போனதே இல்லை. ஐந்தாவது தடவை நண்பர் கிட்டாரை வாங்கி மச்சானிடம் கொடுத்தார். ஒரு வாரமாகப் பழகி வந்திருந்த மச்சான் ஒரே மூச்சில் முழுப்பாட்டையும் வாசித்து முடித்தார்.

"சவுண்டு பிரமாதம்ணே. நான் எதையும் தொடவே வேண்டியிருக்கல" என்றார்.

நம்மவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

எனக்கும் கிட்டாருக்கும் வெகுதூரம் என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். குழந்தை சிரிக்கிறதே என்று செல்போனை எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டி, நிறத்தைக் குறைத்து, எல்லாம் சரியாக வந்ததும் நிமிர்ந்து பார்த்தபோது, குழந்தை எழுந்து விளையாடப் போயிருந்ததே, அது யார் வீட்டில்?