மாப்பிள்ளை கேட்ட கார்

அச்சிமுகம்மது பிரேக்கை மிதித்தார். மொறிஸ் மைனர் அதைச் சட்டை செய்யாமல் கல்முனை பஸார் வீதியில் போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் மிதித்தார். மூன்றாம் முறை மிதித்தபோது கார் நளீமின் ஹார்ட்வெயர் கடை வாசலில் குவித்திருந்த மணலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது.

நளீம் கதிரையை விட்டு எழும்பவில்லை. மணலை வீதிப்பக்கமாகக் குவிக்கச் சொல்லி வைத்ததே இந்தக் காருக்காகத்தான்.

"இண்டைக்குக் கொஞ்சம் ஆழமா வந்திட்டீங்க, காக்கா" என்று மட்டும் மூத்தவரிடம் சொன்னான்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் அச்சிமுகம்மதுவுக்கு அந்தக் கார்மீது இருந்த பிரியம் ஊருக்கே தெரியும். சுனாமியன்று அது கல்முனைக்குடியிலிருந்து மிதந்துபோய், யாரோ ஒருவரின் தென்னந்தோட்டத்தில் நிமிர்ந்தபடி நின்றது. வீட்டில் மிஞ்சியது மூன்று உயிர்களும் அந்தக் காரும்தான். இஞ்சினைக் கழற்றிக் காயவைத்து ஓட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் உப்புத் தண்ணீர் பிரேக் குழாய்களை உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டிருந்தது.

யுத்த காலத்தில் அந்தக் குறை தெரியவில்லை. அரை மைலுக்கு ஒரு சோதனைச்சாவடி. கார் வேகம் எடுப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், கைப்பிரேக்கே போதும். யுத்தம் முடிந்து, சாவடிகளை எடுத்து, பள்ளங்களை மூடிப் புதுக் கார்பெட் வீதி போட்ட பிறகுதான் அந்தக் கார் நிற்காது என்ற விஷயம் வெளியே வந்தது.

இனிமேல் மணல்குவியலை நம்பியிருக்க முடியாது. மகள் அம்ஹாவின் கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கலியாணம் பேசிய முகம்மது தம்பி முதல்நாள் வந்து, நிந்தவூர் மாப்பிள்ளை நுஸ்கி இரண்டு தரம் ஒரே விஷயத்தை விசாரித்ததாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தன்னைக் கூட்டிப்போக மாமாவின் கார் வருமோ என்பதுதான் அது.

அச்சிமுகம்மதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ மாப்பிள்ளைமார் என்னென்னவோ கேட்கிற ஊரில், இந்தப் பிள்ளை கேட்டது ஒரு பழைய காரை.

மனைவி சுபைறா, நளீமிடம் புது வேன் இருக்கிறது, அதை அனுப்பினால் என்ன என்றாள்.

"மாப்பிள்ளை கேட்டது வேனையா, காரையா?" என்றார் அவர்.

அன்று பின்னேரமே கார் பாண்டிருப்பில் இளையதம்பியின் கராஜுக்குத் தள்ளப்பட்டது. இளையதம்பி அதிகம் கதைக்க மாட்டார். காரைச் சுற்றிவந்து, சில்லைத் தட்டிப் பார்த்து, பழைய பிரேக்கைத் திருத்துவதில் பிரயோசனமில்லை, முன் சில்லு இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடுவோம் என்றார். கராஜுக்குப் பின்னால் முகம் நசுங்கிய ஜப்பான் கார் ஒன்று கிடந்தது. அதன் பிரேக்கைக் கழற்றி, வெட்டி, ஒட்டி, மொறிஸுக்குப் பூட்டினார்.

மூன்றாம் நாள் அச்சிமுகம்மது காரை எடுத்துக்கொண்டு வந்தார். பஸார் சந்தியில் பிரேக்கை மிதித்தார். கார் அழகாக நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக் காலை எடுத்தார். கார் நின்றபடியே நின்றது. கியரை மாற்றினார், இஞ்சினை முறுக்கினார், அசையவில்லை. ஐந்து பேர் தள்ளியும் நகரவில்லை. இரண்டு பஸ்ஸும் ஒரு நெல் லொறியும் பின்னால் ஹோர்ன் அடித்தன. நளீம் கடை வாசலுக்கு வந்து, வாழ்நாளில் முதல் தரமாக அந்தக் கார் நின்றதைப் பார்த்துவிட்டுப் போனான்.

இளையதம்பி வந்து காருக்குக் கீழே படுத்தார். பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற பழைய பம்பில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது, அது பழைய பிரேக்குக்குத்தான் சரி, டிஸ்க்கை இறுக்கிப் பிடித்தால் விடாது என்று விளக்கினார்.

"பம்பையும் மாத்துவம் காக்கா. மாத்திறதுதான் மாத்திறம், மிதிக்கிறதுக்கு லேசா ஒரு பூஸ்டரும் வைப்பம்."

பூஸ்டர் வைத்ததும் பிரேக் பஞ்சுபோல ஆனது. பெருவிரல் பட்டாலே போதும், கார் நிற்கும். ஆனால் காரோடு சேர்ந்து இஞ்சினும் நின்றது. பூஸ்டர் இஞ்சினிடமிருந்து காற்றை உறிஞ்சுகிறது, கிழட்டு இஞ்சினுக்கு அதைத் தாங்கப் பெற்றோல் காணாது என்றார் இளையதம்பி. தீர்வும் அவரிடம் இருந்தது. ஜப்பான் காரின் பெற்றோல் பம்ப்.

அந்தப் பம்ப் வேறு ஜாதி. பழைய பம்ப் 'டிக் டிக்' என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியது. புதியது பீச்சி அடித்தது. காபரேட்டர் நிரம்பி, வழிந்து, பெற்றோல் வீதியில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது பந்தலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியோடு ஓடினார்கள். காருக்குள் வைத்திருந்த கலியாண உடுப்புப் பெட்டி முழுக்கப் பெற்றோல் மணம்.

சுபைறா மாப்பிள்ளையின் வெள்ளை உடுப்பை மூக்கருகே கொண்டுபோனாள்.

"மாப்பிள்ளைக்கு அத்தர் பூசிற ஊரைக் கண்டிரிக்கேன். இது என்ன புதினம்?"

அச்சிமுகம்மது மறுபடி பாண்டிருப்புக்குப் போனார். பெற்றோலின் வேகத்தைக் குறைக்க ஒரு கருவி வைக்கப்பட்டது. அதுவும் போதாமல், வருகிற பெற்றோலை எல்லாம் குடிக்கக்கூடிய பெரிய காபரேட்டர் ஒன்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது.

அது வந்தது கலியாணத்துக்கு முதல்நாள். பூட்டி முடித்து, அச்சிமுகம்மது அக்ஸிலேட்டரில் காலை அமத்தினார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். பிறகு பார்த்தால் மருதமுனை தாண்டியிருந்தது. முப்பது வருடமாகச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போன கார், இப்போது பஸ்ஸை முந்தியது. அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். தொப்பி எங்கே பறந்தது என்று தெரியவில்லை.

"மெதுவாப் போகாதோ, தம்பி?" என்று கேட்டார்.

இளையதம்பி கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு வழி செய்யல்ல, காக்கா. நீங்க கேட்கல்லையே."

கலியாண நாள். பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும், ஜரிகைத்தாள் ஒட்டிய மொறிஸ் நிந்தவூர் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளை நுஸ்கி வாசலுக்கு வந்து காரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். சந்தோஷத்தில் வாய் அடைத்துப் போய்விட்டது என்று அச்சிமுகம்மது எடுத்துக்கொண்டார். முன் ஸீற்றில் மாப்பிள்ளை, பின்னால் தோழன். முதல் முச்சந்தியில் பிரேக்கைத் தொட்டதும் தோழனின் நெற்றி முன் ஸீற்றில் மோதியது. எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி அவன் அங்கேயே இறங்கிக்கொண்டான். அதன்பிறகு அவனைக் கலியாணத்தில் யாரும் காணவில்லை.

காரைதீவு வயல்வெளியில் கார் பறந்தது. சொந்தக்காரர்களின் வேன்கள் மூன்றும் கண்ணாடியில் சிறிதாகி மறைந்தன. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்துக் கேட்டபோது அது கலிமா என்று தெரிந்தது. இந்தக் காலத்தில் இப்படி ஓர் இறையச்சமுள்ள பிள்ளையா என்று அச்சிமுகம்மதுவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் அமத்தினார்.

கல்முனைக்குடித் தெருமுனையில் பக்கீர்மார் றபான் மேளத்தோடு காத்திருந்தார்கள். அவர்கள் பைத் பாடி முன்னால் நடக்க, கார் பின்னால் ஊர்ந்து போவது முறை. ஆனால் ஊர்வது எப்படி என்பதைத்தான் கார் மறந்துவிட்டிருந்தது. காலை லேசாக வைத்தால் பாய்ந்தது, பிரேக்கைத் தொட்டால் ஆணியடித்தது போல நின்றது. பாய்ச்சலில் ஒரு தரம், நிறுத்தத்தில் ஒரு தரம் என்று மாப்பிள்ளை முன்னும் பின்னும் போய்வந்தார். பக்கீர்மார் முதலில் பாட்டை வேகமாகப் பாடினார்கள். பிறகு ஓடிக்கொண்டு பாடினார்கள். கடைசியில் பாட்டை விட்டுவிட்டு வேலியோரம் ஒதுங்கினார்கள்.

ஊர்வலத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். வாசலில் ஆளில்லை. சுபைறாதான் பால் கோப்பையும் கையுமாக, ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தாள். அம்ஹா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

மாப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தலைப்பாகை ஒரு காதை மூடியிருந்தது. முகம் உடுப்பின் நிறத்துக்கு வந்திருந்தது. சுபைறா நீட்டிய பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

அச்சிமுகம்மது காரின் பொனற்றைத் தடவிக்கொடுத்தார். பன்னிரண்டு நாள் பட்ட பாடெல்லாம் அந்த நேரத்தில் பறந்துபோனது.

"எப்பிடி, மருமகன்? ஆசைப்பட்டுக் கேட்டீங்களே, கார் வந்திச்சா இல்லையா?"

நுஸ்கி தலைப்பாகையை நிமிர்த்தினார்.

"மாமா, உங்கட கார் வருமோ எண்டு நான் கேட்டது ஆசையில இல்ல, பயத்தில."