லாங் தாபா விமான நிறுவனத்தின் ஒன்பதாம் கட்டம்

ஆற்றோரக் காட்டூரான எங்கள் லாங் தாபாவின் விமான நிறுவனத்துக்கு வயது இருபத்தேழு. ஒரே விமானம், எட்டு இருக்கை. இத்தனை வருஷத்தில், போன மாதம்வரை ஒரு விபத்துகூட நடந்ததில்லை. எங்கள் தலையில் மண் விழுந்ததற்கு அதுவே காரணம்.

உரிமம் புதுப்பிக்கும் அதிகாரி பாக் சுதார்மோ அரசாங்க ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். எங்கள் ஊரில் ஐயாவுக்குப் 'பாக்', அம்மாவுக்கு 'இபு'. திரும்பிப் போக எங்கள் விமானம்தான். இந்த வருஷம் உரிமம் கேட்கிற எல்லாரும் தங்கள் வரலாற்றைப் படிவத்தில் எழுதித் தரவேண்டுமாம், கோழிப்பண்ணையிடம்கூடக் கேட்டிருக்கிறார்கள். உரிமம் போனால் ஆஸ்பத்திரிக்குப் படகில் ஐந்து நாள். என் மகள் உபுங் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி.

விமானம் ஓட்டுகிற முதலாளியம்மா இபு ஆசுங், படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்.

"ஒன்பதாம் கட்டம் காலியா இருக்கே?"

"'நடந்த விபத்தும் கற்ற பாடமும்'னு இருக்கு பாக். எங்களுக்கு விபத்தே நடக்கலையே."

"அப்போ பாடமே கத்துக்கலைன்னு அர்த்தம். உங்களை நம்பி எப்படிப் பயணிகளை ஒப்படைக்கிறது?"

"விபத்து நடந்திருந்தா?"

"தாராளமா ஒப்படைக்கலாம். அனுபவசாலிங்க ஆச்சே!"

நான் குறுக்கே புகுந்தேன். "பாக், போன வருஷம் ஒரு பன்னி கயித்தை அவுத்துக்கிட்டு இபு மடியிலேயே ஏறிடுச்சு. அதை எழுதலாமா?"

"பன்னிக்கு டிக்கெட் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்போ அது விதிமீறல். பத்தாம் கட்டம்."

கையெழுத்துப் போடாத படிவத்தோடு அவர் கிளம்பினார். என் வேலை எடை போடுவது. ஆளோ மூட்டையோ பன்றியோ, தராசில் ஏறாமல் எதுவும் விமானத்தில் ஏறாது. எடையை ஊர் கேட்கக் கத்துவேன், ஊர் சிரிக்கும்.

"பாக், ஏறி நில்லுங்க."

"அரசு அதிகாரியை மூட்டையோட மூட்டையா நிறுத்துறியா? என் பணிப்பதிவேட்டுல அறுபத்திரண்டு கிலோன்னு முத்திரையோட இருக்கு!"

அது அவர் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதியது. அந்தத் தொந்தியைப் பார்த்தால் நூறுக்குக் குறையாது. அவருக்குப் பின்னால், வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்த நான்கு மூட்டை அரிசி, பலாப்பிஞ்சு கனத்தில் முப்பது டுரியான் பழம்.

"இதையாவது..."

"அதிகாரி அன்பளிப்பு வாங்குறது சட்டப்படி கிடையாது. இல்லாத பொருளுக்கு ஏதுய்யா எடை?"

இபு ஆசுங் அவர் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். நான் என் மகளை நினைத்தேன்.

"எழுதிக்கோ பிலுங்," என்றார் இபு.

"அறுபத்திரண்டு!" என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை.

விமானம் ஓடியது, ஓடியது, புல்தரை தீர்ந்தும் ஓடியது. ஒரு முழம் எழும்பி, வயலில் போய் உட்கார்ந்தது. இறக்கை ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம். நல்லவேளை, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பாக் சுதார்மோ சேற்றிலிருந்து எழுந்தார். வரப்பில் உட்கார்ந்து ஒன்பதாம் கட்டத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினார். முத்திரை குத்தினார்.

"வாழ்த்துகள் இபு! இப்போ உங்க நிறுவனம் முழுத்தகுதி அடைஞ்சிடுச்சு."

"விமானமே போச்சே பாக்!"

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "விமானம் இருக்கான்னு எந்தக் கட்டத்துலயும் கேக்கலையேம்மா."

ஐந்து வருஷ உரிமம் அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. நேற்று உபுங் பிரசவ வலியோடு வந்தாள். வழக்கப்படி தராசில் நிறுத்தினேன்.

"விமானமே இல்லாம எடை எதுக்குப்பா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அறுபத்தெட்டு என்று சரியாக எழுதிக்கொண்டு, அவளைப் படகுத்துறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன்.