முதலாம் வகுப்புப் பாதை

ஒரு பாதையில் ஓட்டை விழுந்தால் அதை அடைப்பதற்கு மூன்று பலகையும் ஒரு பிடி ஆணியும் கொஞ்சம் தாரும் போதும் என்று நினைப்பவர்கள் அரசாங்கத்தோடு பழகாதவர்கள். செட்டிபாளையத்துக்கு மேற்கே வாவித் துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் இரண்டு வள்ளங்களைப் பிணைத்து, மேலே பலகைத் தட்டு அடித்து, கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற மிதவை. எழுவான்கரையில் வீடும் றோட்டும் கடையும், படுவான்கரையில் வயல். நடுவே வாவி. ஆள், மாடு, நெல்லு எல்லாம் பாதையில்தான் போய்வர வேண்டும். அறுபத்திரண்டாம் ஆண்டு சிறுபோக வெட்டு முடிகிற நேரம் பார்த்து அதன் முன்பக்கத்து அடியில் ஓட்டை விழுந்தது.

படுவான்கரையில் பெரிய வயற்காரர் கந்தப்போடி. அவருடைய நெல்லு சூடடித்து முடிந்து மூடை மூடையாகக் களத்தில் கிடந்தது. மழைக்கு முதல் அதை இக்கரைக்குக் கொண்டுவந்து விற்றாக வேண்டும். மழை முந்திக்கொண்டால் நெல்லு மூடைக்குள்ளேயே முளைத்துவிடும். அந்த வருமானத்தை நம்பித்தான் அவர் மகளின் கலியாணத்துக்கு நாள் வைத்திருந்தார். ஆகவே ஓட்டையை அடைத்துத் தரும்படி எங்கள் பகுதி அரசாங்க அதிகாரியான காரியாதிகாரிக்கு ஒரு மனு அனுப்பினார்.

காரியாதிகாரி கோணாமலை கெட்டவர் அல்ல. ஒரு காரியத்தைச் செய்வதென்றால், அதைச் செய்யாமல் விடுவதற்குள்ள வழிகள் எல்லாவற்றையும் முதலில் ஆராய்ந்து பார்க்கிற நிதானம் அவரிடம் இருந்தது. அவர் பதில் எழுதினார்: "மேற்படி ஓட்டை சம்பந்தமாக, தண்ணீர்ப் போக்குவரத்தில் அனுபவம் பெற்ற நிபுணர் ஒருவரின் அபிப்பிராயம் கிடைத்ததும் ஆவன செய்யப்படும்."

கந்தப்போடி கடிதத்தை என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார்.

"நிபுணர் எண்டா ஆரு தம்பி?"

"தெரியாது போடியார். தச்சனா இரிக்காது."

அந்தக் கிழமைதான் அல்பேட்டும் அவர் மனைவி பீற்றிஸும் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து இறங்கினார்கள். அல்பேட் எங்கள் ஊர்ப் பிள்ளை. சிங்கப்பூரில் ஒரு விசுக்கோத்துக் கம்பனியில் கிளாக்கர். ஒவ்வொரு லீவுக்கும் இருவரும் ஒவ்வொரு தேசம் போய்வந்திருந்தார்கள். பினாங்கு, பேங்கொக், ஹொங்கொங், ஜப்பான் என்று ஆசியாவில் பார்க்க இனி ஒன்றும் மிச்சமில்லாதபடியால் கடைசியாக ஊருக்கு வந்தார்கள்.

ஊர் அவர்களைச் சும்மா விடுமா? மெதடிஸ்த கோயில் மண்டபத்தில் மாலை போட்டு, வரவேற்புப் பத்திரம் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பிறகு பீற்றிஸ் படங்கள் ஒட்டிய அல்பத்தை எல்லோருக்கும் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் அவரே நைலெக்ஸ் சீலையோடும் கறுப்புக் கண்ணாடியோடும் முன்னால் நின்றார். ஜப்பானில் பெரிய மலை ஒன்று இருக்கிறதாம். அது அவருடைய இடது தோளுக்கு மேலே கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்தது.

"பேங்கொக் எப்பிடி அக்கா?" என்று ஞானமலர் ரீச்சர் ஆவலோடு கேட்டார்.

"நல்ல சோறு கிடைக்காதுகா."

"ஹொங்கொங்?"

"அங்கயும் அப்பிடித்தான்."

"ஜப்பானிலயும் சோறு இல்லயா?"

"இரிக்கு. பிசின் மாதிரி ஒட்டும். இவர் ரெண்டு நாள் விசுக்கோத்துத்தான் சாப்பிட்டவர்."

ஒரு கண்டத்தையே வயிற்றால் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவர்களை நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். போதாததற்கு, பீற்றிஸ் எதைக் கண்டாலும் "அங்கயெல்லாம் இப்பிடி இல்ல" என்பார். இந்த வசனம் அம்மைநோய் போல ஊரெல்லாம் தொற்றிக்கொண்டது. கல்லடிப் பாலத்தைத் தாண்டாதவன்கூட என் கடையில் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்து, "அங்கயெல்லாம் இப்பிடி இல்ல" என்றான்.

கோணாமலையும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அல்பத்தில் இரண்டு படங்கள் அவர் கண்ணில் பட்டன. பேங்கொக்கில் இருவரும் ஓர் ஓடத்தில் இருந்தார்கள். ஹொங்கொங்கில் ஒரு பெரிய படகின் படியில் நின்றார்கள்.

"மிஸ்டர் அல்பேட், இது தண்ணீர்தானே?" என்று கோணாமலை கேட்டார்.

"ஓம், தண்ணிதான்."

"நீங்கள் அதன்மேல் இருந்திருக்கிறீர்கள்."

"ஓம், இருந்த நாங்கதான்."

கோணாமலை எழுந்து அவர் கையைக் குலுக்கினார். அந்த நிமிடத்திலிருந்து அல்பேட் எங்கள் பாதையின் கௌரவ நிபுணர்.

இரண்டு நாள் கழித்து நிபுணர் தம் மனைவியோடு துறைக்கு வந்தார். பாதைக்காரர் முகைதீன்பாவா, தண்ணீரில் அரைவாசி அமிழ்ந்து கிடந்த பாதையில் நின்று ஒரு தகரப் பேணியால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். கந்தப்போடி ஓடிவந்து ஓட்டை இருக்கும் இடத்தைக் கையால் காட்டினார். நிபுணர் அதைப் பார்க்கவில்லை.

"ஹொங்கொங்கில முதலாம் வகுப்பு, ரெண்டாம் வகுப்பு எண்டு பிரிச்சிரிக்கு. இஞ்ச எல்லாரும் ஒண்டாத்தான் நிக்கிறாங்களா?"

"மாடும்" என்றார் முகைதீன்பாவா.

"அங்கயெல்லாம் இப்பிடி இல்ல" என்றார் பீற்றிஸ். "பேங்கொக்கில ஓடத்துர மூக்கில பூமாலை போட்டிருப்பாங்க. ஜப்பானில வேலை செய்யிறவங்களுக்குத் தொப்பியும் வெள்ளைக் கையுறையும்."

கோணாமலை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கந்தப்போடிக்குப் பொறுமை போயிற்று.

"ஐயா, ஓட்டையைப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே. மழை வரப் போகுது. நெல்லு அக்கரையில கிடக்கு."

அல்பேட் கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனுசன். "நாங்க போன ஒரு தேசத்திலயும் ஓட்டை பாக்கல்ல. அதால அதைப் பத்திச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது" என்றார்.

கோணாமலை அதையும் எழுதிக்கொண்டார். அறிக்கையில் அது இப்படி வந்தது: "ஓட்டை என்பது ஆசிய நாடுகளில் வழக்கில் இல்லாதபடியால் அது இவ்வறிக்கையில் கவனிக்கப்படவில்லை."

பாதை திருத்துவதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை என்று இதுவரை சொல்லிவந்த காரியாதிகாரி கந்தோர், ஆசிய முறையில் அபிவிருத்தி செய்வதற்குத் தாராளமாக ஒதுக்கியது. ஒரு நாள் லொறியில் பலகை வந்து இறங்கியது. நல்ல முதிரைப் பலகை. கந்தப்போடி அதைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். தச்சன் அருளப்பு அந்தப் பலகையை அறுத்து, பாதையின் முன்பாதியில் சாய்மானம் வைத்த வாங்குகள் அடித்தான்.

"ஓட்டைக்கு ஒரு துண்டாவது மிச்சம் வைக்கல்லயா மகன்?" என்று கந்தப்போடி கேட்டார்.

"மிச்சம் வந்த துண்டைப் பேர்ப்பலகைக்கு எடுத்துப் போட்டாங்க போடியார்."

பேர்ப்பலகைகள் இரண்டு. முன்பாதியில் சிவப்பு மையால் 'முதலாம் வகுப்பு'. வகுப்புப் பிரிக்க நடுவே கட்டிய கயிற்றுக்குப் பின்னால் கறுப்பு மையால் 'இரண்டாம் வகுப்பு: ஆட்கள், மாடுகள், மூடைகள்'. அரசாங்கம் எல்லோரையும் சமமாக நடத்துவதால் இரண்டுக்கும் கட்டணம் ஒன்றே என்று கீழே எழுதியிருந்தது.

பாதையின் முதற் பயணத்திலேயே தன் நெல்லை ஏற்ற வேண்டும் என்று கந்தப்போடி கெஞ்சியபடியால், தண்ணீரை இறைத்துப் பாதையை அக்கரைக்கு இழுத்துக்கொண்டுபோய், திறப்புவிழாவைப் படுவான்கரையில் வைத்தார்கள். திறக்கப்படாத பாதையில் திறப்புவிழாவுக்குப் போவது முறையல்ல என்று கோணாமலையும் நிபுணர் தம்பதியும் ஜீப்பில் வாவியைச் சுற்றி, வெகு தூரத்திலுள்ள பாலத்தால் வந்து சேர்ந்தார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதையின் மூக்கில் மாலை தொங்கியது. முகைதீன்பாவா தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டு, யாரோ புதிய ஆள் போல விறைத்துக்கொண்டு நின்றார். மூடைகளில் பாதியைப் பின்பக்கம் அடுக்கியாயிற்று.

கோணாமலை நாடாவை வெட்டி, பீற்றிஸைப் பார்த்து, "அம்மா முதலில் ஏறுங்கள்" என்றார்.

"ஐயோ, எனக்குத் தண்ணி ஒத்துக்கொள்ளாது" என்றார் பீற்றிஸ்.

"பேங்கொக்கில் ஓடத்தில் போனீர்களே?"

"அது கரையில கட்டிக் கிடந்த ஓடம். படம் எடுக்கத்தான் ஏறின நாங்க. ஹொங்கொங்கிலயும் படியில நிண்டுபோட்டு இறங்கிட்டம்."

வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியிருப்பார்கள். கோணாமலை உத்தியோகத்தர். "நிபுணர்கள் கரையிலிருந்து மேற்பார்வை செய்வதே ஆசிய முறை" என்று சனங்களுக்கு விளங்கப்படுத்திவிட்டு, அவர்களை ஜீப்பில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். பிறகு தானே போய் முன்வாங்கில் நடுவிலே இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், ஏனென்றால் நானும் அதில் ஏறியிருந்தேன். ஏறிய அத்தனை பேரும் முதலாம் வகுப்புக்கே போனார்கள். கட்டணம் ஒன்றாயிருக்க மாட்டோடு யார் நிற்பது? வாங்கு நிறைந்ததும் மடியில் இருந்தார்கள். மடியும் நிறைந்ததும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்று தலைமுறையாக வழக்காடுகிற ஊர் எங்களுடையது. முன்வாங்கில் யார் இருப்பது என்ற வழக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. கந்தப்போடி மட்டும் தன் மூடைகளுக்குப் பக்கத்தில் பின்னால் நின்றார்.

"போடியார், நீங்க ரெண்டாம் வகுப்பா?" என்று யாரோ முன்னாலிருந்து கேட்டுவிட்டான்.

கந்தப்போடி நெல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு கயிற்றைத் தாண்டி முன்னால் வந்தார். அவரோடு மூடைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற கூலிக்காரர்களும் வந்தார்கள்.

பாதை நடு வாவிக்குப் போகுமுன் மூக்கு இறங்கத் தொடங்கியது. ஓட்டையால் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"காக்கா, தண்ணியை அள்ளுங்க" என்று கந்தப்போடி முகைதீன்பாவாவைப் பார்த்துக் கத்தினார்.

"குனிஞ்சா தொப்பி விழுந்திரும் போடியார். கையுறையும் நனையும்" என்றார் முகைதீன்பாவா.

பின்பக்கம் மேலே எழும்பியது. மூடைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்புக்கு வந்து, எங்களையும் தள்ளிக்கொண்டு வாவிக்குள் விழுந்தன. அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். ஒருவரும் சாகவில்லை. கந்தப்போடி இடுப்பளவு தண்ணீரில் நின்று மூடைகளைக் கையால் துழாவினார். யாரும் அவருக்கு உதவப் போகவில்லை. தள்ளியது யார் என்ற சண்டையில் எல்லோரும் மும்முரமாக இருந்தோம். அன்று பின்னேரமே மழை கொட்டத் தொடங்கியது.

விசாரணை நடந்தது. ஈரக் காற்சட்டையோடு அன்று கரையேறிய கோணாமலையே விசாரித்தார். விபத்துக்குக் காரணம் "இரண்டாம் வகுப்பில் பிரயாணிகள் போதாமை" என்று முடிவாயிற்று. இனிமேல் ஒவ்வொரு பயணத்திலும் பாதிப்பேர் கட்டாயம் பின்னால் நிற்க வேண்டும் என்று கட்டளை வந்தது. அல்பேட்டும் பீற்றிஸும் லீவு முடிந்து சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். வழியனுப்பு விழாவிலும் ஒரு பத்திரம் வாசிக்கப்பட்டது. அடுத்த லீவுக்கு இந்தோனேசியா போவதாகச் சொன்னார்கள். அங்கே என்ன பாதை கெடப் போகிறதோ, பாவம்.

பின்னால் நிற்கும்படி வந்த கட்டளையால் ஊரே கொதித்தது. ஓட்டைக்காக ஒருபோதும் ஒன்றுகூடாத ஊர், பள்ளிக்கூட மண்டபம் நிறையக் கூடியது. "நாங்க ஆரெண்டு நினைச்சுக்கொண்டு பின்னால நிக்கச் சொல்றாங்க?" என்று ஒவ்வொருவரும் எழுந்து கேட்டார்கள். கடைசியில் பாதை முழுவதையும் முதலாம் வகுப்பாக்கித் தரும்படி ஒரு மனு எழுதினோம். முதற் கையெழுத்துக் கந்தப்போடியுடையது. எங்கள் கந்தோரின் சரித்திரத்தில் உடனடியாக நிறைவேற்றப்பட்ட மனு அது ஒன்றுதான். பாதையைக் கரையில் ஏற்றி, தண்ணீர் வடியவிட்டு, பின்பாதியிலும் வாங்கு அடித்து, கறுப்புப் பேர்ப்பலகையைக் கழற்றி எறிந்தார்கள். முதலாம் வகுப்பில் மூடை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆகவே கந்தப்போடியின் மிச்ச நெல்லு அக்கரையிலேயே நின்றது. கலியாணம் தள்ளிப்போயிற்று.

அந்த மழை விட்ட ஒரு காலையில் நான் பாதையில் வந்துகொண்டிருந்தேன். ஓட்டை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. தட்டின்மேல் கணுக்காலளவு தண்ணீர். கந்தப்போடி வெளுத்த வேட்டியும் சால்வையுமாக முன்வாங்கில் இருந்தார். நெல்லு முளைத்துவிட்டதென்று முறையிடக் கந்தோருக்குப் போகிறாராம்.

"எல்லாமே முளைச்சிட்டா போடியார்?"

"எல்லாந்தான். மூடைக்கு வெளியால நாத்து நிக்கிது."

எங்களுக்கு அப்பால், படுவான்கரையிலுள்ள பழுகாமத்து ஆட்கள் நாலைந்து சின்னத் தோணிகளில் நெல்லு மூடைகளை ஏற்றிக்கொண்டு எழுவான்கரைக்குப் போனார்கள். மூடைகளுக்கு மேலே ஓலைப் பாய் மூடியிருந்தது. ஒன்றும் நனையவில்லை.

"போடியார், நீங்களும் உங்கட நெல்லைத் தோணியில அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

கந்தப்போடி அந்தத் தோணிகளை இளக்காரமாகப் பார்த்தார்.

"தோணியா? அதில ஏது தம்பி வகுப்பு?"

வாங்குகளில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும், அது சரிதான் என்று தலையாட்டினோம்.