திரைக்குப் பின்னால் யார் கை?

விடிவதற்குள் கைச்சாமி வீட்டு வாசலில் வரிசை. கழுத்து வலி, இடுப்பு வலி, தலைவலி என்று ஊரே உடம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. உள்ளே ஒரு கறுப்புத் திரை. அதில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியே கைச்சாமியின் கை வரும், வலித்த இடத்தைத் தொடும், வலி ஓடிவிடும். முகம் காட்டினால் அவர் பார்வை நம்மைச் சுட்டுவிடுமாம். என்ன கருணை!

சுவர் முழுக்க முந்நூறு நன்றிக் கடிதங்கள். சுகமாகாதவர்கள் கடிதம் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் இன்னும் எத்தனை சுவர் வேண்டுமோ!

வரிசையில் ஒரு சர்க்கரை நோயாளி. காலில் ஆறாத புண். "கை இருக்க மாத்திரை எதுக்கு?" என்று கைச்சாமி கேட்டதும் மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. கூடவே அவள் தங்கை. சட்டைக் கம்பெனியில் தையல் சரிபார்ப்பவள். மாலையில் புள்ளியியல் வகுப்புக்குப் போகிறவள்.

"அக்கா, புண்ணு கறுத்துப் போச்சு. காலையே எடுத்துருவாங்க!"

"வலி கொறஞ்சிருக்குடி. என் காலு எனக்குத் தெரியாதா?"

"கையால கொறஞ்சுதா, தானா கொறஞ்சுதா? அதத்தான் பாக்கணும்."

தங்கை எல்லார் காதிலும் விழும்படி குரல் கொடுத்தாள். "சாமி, இருபது பேர். ஒவ்வொருத்தருக்கும் காசு சுண்டுவோம். தலைன்னா உங்க கை. பூன்னா, கழுத்து வலின்னு வரிசையில நிக்கிறாரே, இந்த பஸ் மெக்கானிக்கோட கை. யார் கைன்னு தொடப்படுறவங்களுக்குத் தெரியாது."

"என் கையோட சூடு கல்லுக்கே தெரியும். நடத்தும்மா!" இத்தனை பேர் முன்னால் மறுக்க அவருக்கு வழியில்லை.

"காசு எதுக்குடி? சாமியே ஆளப் பிரிக்கட்டுமே" என்றாள் அக்கா.

"லேசான வலிய அவரு வச்சிக்கிட்டு, முத்தின வலிய மெக்கானிக் தலையில கட்டிருவாரு. காசுக்கு ஓரவஞ்சனை தெரியாதுக்கா."

மெக்கானிக் கிரீஸ் போக மூன்று முறை கை கழுவினார். காசு சுண்டிக் குறித்தது திரைக்குள் தங்கை. வெளியே "வலி எப்படி?" என்று கேட்டு எழுதியது அக்கா, யார் கை என்று அவளுக்கும் தெரியாது. ஒருவர், "ஐயோ, தெய்வச் சூடு!" என்று அழுதே விட்டார். கடைசியாக, இருபதாவது ஆளாக, அக்காவே காலை நீட்டினாள். "சுகம்" என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டு தாளையும் சேர்த்து வைத்தார்கள். கைச்சாமி தொட்ட பதினொரு பேரில் ஏழு பேருக்குச் சுகம். மெக்கானிக் தொட்ட ஒன்பது பேரில் ஆறு பேருக்குச் சுகம். தெய்வச் சூடு மெக்கானிக்குடையது.

"என் சக்தி அந்த ஆளுக்குள்ளயும் பாஞ்சிருச்சு!" என்றது திரை.

"அப்படின்னா என் கழுத்து வலி ஏன் சாமி போகல?" என்றார் மெக்கானிக். வரிசை சிரித்தது. வலி உச்சத்தில் வந்தவர்களுக்கு எப்படியும் கொஞ்சம் இறங்கும். யார் கை பட்டாலும் இதமாகத்தான் இருக்கும்.

அக்கா சிரிக்கவில்லை. இருபதாம் எண்ணுக்கு எதிரே 'பூ' என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் தங்கையின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

"மாத்திரை டப்பாவத் தூக்கிப் போட்டுட்டியாடி?"

"பத்திரமா வச்சிருக்கேன்க்கா. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு நட."

முந்நூறு பேருக்குச் சுகம் என்றதும் கும்பிட்டோம். அவர் கை படாதவர்களில் எத்தனை பேருக்குச் சுகம் என்று ஒருவராவது கேட்டோமா? திரையில் இருந்த ஓட்டை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கணக்கில் இருந்த ஓட்டைதான் தெரியவில்லை.