பரீட்சைக்கு வைத்திருந்த பல்

பத்து மணிக்குப் பரீட்சை அதிகாரி வருகிறார். ஒன்பது மணிக்கு, பரீட்சைக்கென்று பத்திரமாக வைத்திருந்த சொத்தைப் பல்லைக் காணோம்.

பல் இருந்த இடம் மருத்துவமனைக் காவல்காரரின் வாய். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். நேற்று மாலை கடுகு உருளுமளவு இருந்த பள்ளம், இன்று சிமெண்ட் பூசிய தரை மாதிரி வழவழவென்று இருந்தது.

"யாருய்யா இதை அடைச்சது?"

"நம்ம தையல்காரப் பொண்ணுதாம்மா. வலி தாங்கலைன்னேன். மனசு கேக்காம அடைச்சு விட்டுச்சு. இப்ப தேவலை!"

"நீ தேவலை. நான்தான் தொலைஞ்சேன்!"

சுற்று வட்டாரத்தில் இரண்டு லட்சம் வாய்களுக்கு டாக்டரம்மா ஒருத்திதான். ஒரு மனுஷி எத்தனை வாயைத்தான் பார்ப்பாள்? அதனால் அந்தத் தையல்காரி உட்படப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து, மின்சாரம் இல்லாத ஊரிலும் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிப் பல்லை அடைக்க ஒரு வருடமாகக் கற்றுக்கொடுத்திருந்தாள். அதிகாரி ஒரு பல்லை அடைப்பதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால், பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு ஊருக்கு வேலைக்குப் போவார்கள். போடாவிட்டால் வகுப்புக்குப் பூட்டு. பொம்மைப் பல் செல்லாது, சொத்தையோடு ஓர் ஆள் வேண்டும் என்பது விதி.

டாக்டரம்மா அசரவில்லை. "சொத்தைப் பல்லுக்கா ஊர்ல பஞ்சம்?" என்று தெருவில் இறங்கினாள். கால் மணி நேரத்தில் ஒரு கொத்தனாரைக் கையோடு கூட்டி வந்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கோட்டு மாற்ற உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கொத்தனார் இளித்துக்கொண்டிருந்தார். பல் அடைபட்டிருந்தது.

"அடிப்பாவி! யாரைக் கேட்டுடி செஞ்சே?"

தையல்காரி தலையைச் சொறிந்தாள். "கருவி கையில இருந்துச்சு, பல்லு கண்ணு முன்னாடி இருந்துச்சு, டாக்டரம்மா."

"நான்தான் இவரை உள்ள அனுப்பினேன்" என்றாள் பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவி. முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பொறுக்காது.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தைத்த கையும் அப்படித்தான் போலிருக்கிறது.

மூன்றாவதாக முடிதிருத்துபவர் ஒருவர் அகப்பட்டார். இந்தத் தடவை டாக்டரம்மா உஷார். அவரை மருந்து அறைக்குள் உட்கார வைத்து, வெளியே பூட்டும் போட்டாள். ஐந்து நிமிடம் பொறுத்துத் திறந்தால் உள்ளே தையல்காரி கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சு எடுக்க ஜன்னல் பக்கமா வந்தேன். இவரு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு முனகினாரு. கதவு பூட்டியிருந்துச்சா, ஜன்னல் வழியாவே..."

"ஏறிக் குதிச்சியா?"

"ஜன்னல் சின்னதுதான், டாக்டரம்மா."

டாக்டரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தலையில் அடித்துக்கொண்டு சிகிச்சை அறைக்கு வந்தால், அங்கே நாற்காலியில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் சாய்ந்திருந்தார். வாய் நிறையப் பஞ்சு.

"இவர் எப்ப வந்தாரு?"

"முன்னாடியே வந்துட்டாரு" என்றாள் கண்டக்டர். "கன்னத்துல கை வெச்சுக்கிட்டு ஏதோ சொல்ல ஆரம்பிச்சாரு. பேச்சு அப்புறம், முதல்ல வாயைத் திறங்கன்னு ஏத்தி விட்டேன். இவ அடைச்சிட்டுத்தான் பஞ்சு எடுக்கப் போனா."

டாக்டரம்மா குனிந்து பார்த்தாள். தானே செய்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. பெருமை பொங்கியது. கூடவே கடிகாரம் ஒன்பதே முக்காலைக் காட்டியது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இதைச் சுரண்டி எடுத்துட்டு, அதிகாரி முன்னாடி மறுபடி வெச்சுக்கலாமா?"

மீசைக்காரர் கண்கள் பிதுங்கத் தலையை ஆட்டினார். தையல்காரி குறுக்கே வந்து நின்றாள்.

"முடியாது, டாக்டரம்மா. நல்லா இருக்கிற பல்லைத் தொடக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னது யாரு?"

"பன்னெண்டு பேரு வேலை போயிடுமேடி!"

"போகட்டும். பல்லு அவரோடது."

டாக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் பேச்சைத் தானே மறந்தது வெட்கமாக இருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"சரிதான்டி. அந்த அதிகாரி வரட்டும். சொத்தைப் பல்லே இல்ல, எல்லாத்தையும் எம் பொண்ணுங்க அடைச்சிட்டாங்கன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன். கையெழுத்துப் போட மாட்டேன்னா, அவர் ஆபீஸ் வாசல்லயே போய் உக்காருறேன். என்ன பண்ணிடுவாராம்?"

மீசைக்காரர் "ம்ம்... ம்ம்..." என்று ஒரு விரலைத் தூக்கினார்.

"பேசாதீங்கய்யா, சிமெண்ட் காயணும்!" என்று மூவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

பத்து அடித்தது. வாசலில் ஜீப் வந்து நின்றது. டாக்டரம்மா கோட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். ஜீப்பின் டிரைவர் மட்டும் ஒரு கோப்போடு உள்ளே வந்து, நாற்காலியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"என்னங்கய்யா இது! உங்களை இங்க இறக்கி விட்டுட்டு டயருக்குக் காத்து அடிச்சிட்டு வரதுக்குள்ள பரீட்சையையே முடிச்சிட்டீங்களா? ஒன்பது ஊர்ல பரீட்சை வெச்சும், பயந்துக்கிட்டு சொந்தப் பல்லை யாருக்கும் காட்டாத ஆளாச்சே நீங்க!"